மணலில் எழுதப் படித்தவர்

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல வாசகர், அதைவிட நல்ல சண்டைக்காரர். ஒரு புத்தகம் அவருக்குக் கோபத்தை உண்டாக்கிவிட்டால் அதை என் கையில் கொடுத்துவிட்டு, நானும் கோபப்படுகிறேனா என்று காத்துக்கொண்டிருப்பார். போன மாதம் அப்படி வந்து சேர்ந்ததுதான் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியாரின் வாழ்க்கை வரலாறு. பழைய புத்தகக் கடையில் அவர் வாங்கிய சிறு புத்தகம். அவருக்கு முன்னால் குறைந்தது இரண்டு பேராவது அதை வைத்திருந்திருக்க வேண்டும். ஒருவர் சிவப்பு மையில் பக்கத்துக்குப் பக்கம் 'அருமை' என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் அதே இடங்களில் பென்சிலால் 'பொய்' என்று எழுதியிருக்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பியதும், 1875-ம் ஆண்டு முதல் எங்கள் ஊரில் இருந்துவரும் பென்னிங்டன் நூல்நிலையத்தில் ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்து, இரண்டு சாயங்காலங்களில் அதைப் படித்து முடித்தேன். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் நண்பருக்கு வந்த கோபம் அல்ல.

வாழ்க்கை வரலாறு எழுத உட்காருகிறவர்களில் மாலையோடு வருகிறவர்கள் உண்டு, குற்றப்பத்திரிகையோடு வருகிறவர்களும் உண்டு. இந்த ஆசிரியர் மாலையோடு வந்தவர். அவருடைய சீகன்பால்கு பிறக்கும்போதே மகான். கப்பலில் வரும்போது மகான். தரங்கம்பாடியில் டேனிஷ் தளபதி அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் போட்டபோது இன்னும் பெரிய மகான். பென்சில்காரருக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் பென்சில்காரர் பார்க்கிற சீகன்பால்குவும் ஆள் அல்ல. மதம் மாற்ற வந்த ஓர் இயந்திரம். நூற்றைம்பது பக்கத்தில் ஆசிரியரும் பென்சில்காரரும் சேர்ந்து ஒரு மனிதனைக் காணாமல் அடித்துவிட்டார்கள் என்பதுதான் என் கோபம்.

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682-ம் ஆண்டில் ஜெர்மனியில் சாக்ஸனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். ஹாலே நகரில் படித்தார், நோயாளியான உடம்பு, படிப்பு முழுமையாக ஒப்பேறவில்லை. கொஞ்ச காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக், தம் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு ஆள் தேடினார். 1706-ம் ஆண்டு ஜூலை 9-ம் தேதி புளூட்சோ என்ற தோழரோடு சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். மறு வருஷமே பள்ளிக்கூடம் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும் தொடங்கினார். 1715-ம் ஆண்டில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1716-ம் ஆண்டில் ஹாலேயில் லத்தீன் மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் வெளியிட்டார். 1718-ம் ஆண்டில் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டித் திறந்தார். அடுத்த பிப்ரவரியில், முப்பத்தாறாவது வயதில், அந்த ஆலயத்திலேயே அடக்கமானார். இவ்வளவையும் நண்பரின் புத்தகம் நன்றாகவே சொல்லுகிறது. தேதிகளில் குறை இல்லை.

என் கண் ஓரிடத்தில் நின்றது. ஆசிரியர் நாலே வரியில் அதைத் தாண்டிப் போய்விட்டார். வந்த புதிதில் தமிழ் கற்க வழி தெரியாமல் இருந்த சீகன்பால்கு, ஒரு வயோதிக உபாத்தியாயரைப் பிடித்தார். அவருக்கு எழுபது வயது. கிழவர் தம் பள்ளிக்கூடத்தையே, பிள்ளைகளும் கூச்சலுமாக, பாதிரியாரின் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சீகன்பால்கு அந்தச் சிறுவர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் எழுத்துக்களை எழுதி எழுதிப் படித்தார்.

இந்தக் காட்சி எனக்குப் புதிது அல்ல. பாதிரியாரை மட்டும் எடுத்துவிட்டால், இது எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணை. தாத்தா இளவயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தியவர். சர்க்கார் பள்ளிகள் வந்து பிள்ளைகளையெல்லாம் கொண்டுபோன பிறகும் வாத்தியார் குணம் அவரை விடவில்லை. பேரப்பிள்ளைகளான எங்களைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு பழைய தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, என் ஆள்காட்டி விரலைத் தம் கையால் பிடித்து அழுத்தி எழுத வைப்பார். விரல் நுனி எரியும். 'அ'னாவின் சுழி சரியாக வரவில்லை என்றால் மணலைத் தட்டிச் சமப்படுத்திவிட்டு, "இன்னொரு தரம்டா ராசா" என்பார். குரலில் அவ்வளவு அன்பு இருக்கும், விரலை விடமாட்டார்.

இருபத்துநான்கு வயது வெள்ளைக்காரர், லத்தீனும் கிரேக்கமும் படித்தவர், இந்த எரிச்சலைத் தம் விரல் நுனியில் அனுபவித்திருக்கிறார். ஐந்து வயதுப் பையன்கள் சிரித்திருப்பார்கள். 'ழ'வைச் சொல்லச் சொல்லி வேடிக்கை பார்த்திருப்பார்கள். ஒரு நாவலாசிரியன் கையில் இந்த நாலு வரி கிடைத்தால் நாற்பது பக்கம் எழுதுவான். மாலை போட வந்தவருக்கு இதில் மகிமை குறைவாகத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் தமிழ் படித்த விதம் இருக்கிறதே, அதைத் தாமே ஒரு கடிதத்தில் மணிக்கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை, முன்பு எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பார்ப்பது. எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி வரை, அதுவரை படித்திராத தமிழ் ஏடுகளைப் படிப்பது. பக்கத்தில் ஒரு வயதான புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு. மூன்று மணி முதல் மறுபடியும் ஏடு. இரவு விளக்கு வெளிச்சத்தில் கண் வலிக்குமென்று இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. அதிலும் ஒரு தேர்வு இருந்தது. எந்த ஆசிரியரின் நடையைத் தம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்ற முடியுமோ, அந்த ஆசிரியரை எடுத்துக்கொள்வார். ஒரே நூலைத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்னும் வரையில் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

நம்மில் எத்தனை பேர் ஒரு தமிழ் நூலை இப்படிக் காதால் படித்திருக்கிறோம்? என்னைக் கேட்காதீர்கள்.

இவ்வளவு படித்தும் அவருக்கு நல்ல தமிழ் நடை கைவந்துவிட்டதா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய மொழிபெயர்ப்பின் தமிழை வீரமாமுனிவர் பரிகசித்திருக்கிறார். எதிர்க் கட்சிக்காரர் என்பதால் அந்தப் பரிகாசத்தில் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் அவர் வழியில் வந்த இன்னொரு ஜெர்மானியரான பப்ரீஷியஸே புதிய ஏற்பாட்டைத் திரும்ப மொழிபெயர்த்து 1772-ம் ஆண்டில் வெளியிட வேண்டியிருந்தது. காது நிறையக் கேட்டவனுக்கெல்லாம் எழுத்து வந்துவிடாது என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த துக்கம். இதையும் புத்தகத்தின் ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் மேல் நமக்கு இன்னும் பிரியம் வந்திருக்கும்.

எழுத்தாளராக அவர் தோற்றார் என்று வைத்துக்கொண்டாலும், வாசகராக அவருக்கு அந்தக் காலத்து ஐரோப்பியரில் இணை சொல்வது கஷ்டம். தமிழ்நாட்டுக்கு வந்த இரண்டாவது வருஷத்திலேயே, 1708-ம் ஆண்டில், தம்மிடம் சேர்ந்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். தமிழர்களுடைய நூல்கள் மட்டும் அதில் 119. வெறும் பெயர்ப் பட்டியல் அல்ல. இந்த நூல் எதைப் பற்றியது, யார் படிக்கிறார்கள், பள்ளியில் பிள்ளைகள் கற்கிறார்களா என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினார். தொல்காப்பியம் அதில் இருக்கிறது, திருக்குறள் இருக்கிறது, சிவவாக்கியம் இருக்கிறது. சங்கத் தொகை நூல்கள் இல்லை. அவற்றை அன்று நம்மவரே மறந்திருந்தார்கள். பாதிரியாரைக் குறை சொல்வதற்கில்லை. இந்தப் பட்டியலை வில் ஸ்வீட்மன் என்ற அறிஞரும் ஆர். இலக்குவன் அவர்களும் ஆராய்ச்சிக் குறிப்புகளோடு ஆங்கிலத்தில் 2012-ம் ஆண்டில் புதுச்சேரியிலிருந்து வெளியிட்டார்கள். தமிழ் விமர்சனத்தின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை ஒரு மூலையிலாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விமர்சகராக அவருக்கு ஒரு பெரிய குறை உண்டு. கவிதையைக் கவிதையாக ருசிக்க அவருக்கு நேரமுமில்லை, மனமுமில்லை. ஒவ்வொரு நூலிலும் நீதி என்ன, கடவுளைப் பற்றிய கொள்கை என்ன என்று பார்ப்பார். சிவவாக்கியர் மேல் அவருக்கு அத்தனை பற்று ஏன் வந்தது? விக்கிரக வழிபாட்டைச் சாடுகிற ஒரு சித்தர் கிடைத்தால், அதே வேலையாக வந்த பாதிரியாருக்குக் கசக்குமா? நம்முடைய வக்கீலை நம் பக்கத்துக்கு வாதாட வைத்துக்கொண்ட கதைதான். பென்சில்காரர் இங்கே 'பொய்' என்று எழுதாமல் 'தந்திரம்' என்று எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் அதே 1708-ம் ஆண்டில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். திண்ணைப் பள்ளிப் புத்தகங்கள்! மணலில் எழுதி முடித்த பையன் அடுத்தபடியாகக் கையில் எடுக்கிற ஏடுகள். என் தாத்தா எங்களை வாய்ப்பாடமாக ஒப்பிக்கவைத்தவற்றில் கொன்றைவேந்தனும் உலகநீதியும் உண்டு. அர்த்தம் தெரியாமல் நாங்கள் ராகம் போட்டுக் கத்திய அந்த வாக்கியங்களை, முன்னூறு வருஷங்களுக்கு முன்பு ஒரு ஜெர்மானியர் ஒவ்வொன்றாக நிறுத்தி அர்த்தம் கேட்டு எழுதியிருக்கிறார். எதற்காக? நாகரிகம் இல்லாத ஜனங்கள் என்று தமிழரை நினைத்துக்கொண்டிருந்த தம் நாட்டாருக்குக் காட்டுவதற்காக. தாமும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். இந்த மொழிக்கு ஒழுங்கான இலக்கணம் இருக்குமென்றே நம்பவில்லையாம். ஏடுகளைப் படித்த பிறகு அந்த எண்ணம் போயிற்றாம். தம் அபிப்பிராயத்தை ஒரு புத்தகம் மாற்ற இடம் கொடுத்தவன்தான் வாசகன். இதை நான் பெரிய குணமாக மதிக்கிறேன்.

என் நண்பருடைய கோபம் வேறு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ராஜபாளையம் போயிருந்தேன். காப்பி வருவதற்குள் பிடித்துக்கொண்டார்.

"ஏடு எப்படிச் சேத்தாருன்னு படிச்சீகளா தம்பி?"

படித்தேன். சீகன்பால்கு தம் எழுத்தர்களைப் பல நாள் நடைதூரத்துக்கு ஊர் ஊராக அனுப்புவார். இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடம் சொற்ப விலைக்கு ஏடுகள் கிடைக்கும். வாங்கி வரச் சொல்லுவார். அவரே எழுதிய செய்திதான் இது.

"தாலியறுத்தவ வயித்துப் பசிக்கு விக்கிறா. இவரு நாலு காசைக் கொடுத்து வாங்குறாரு. இதுக்குப் பேரு தமிழ்த்தொண்டா?"

"அண்ணாச்சி, அந்த ஏட்டை வேறு யாரும் வாங்க வரவில்லையே?"

"அதுக்காக?"

நான் பதில் சொல்லவில்லை. காரணம் உண்டு. என் தாத்தாவிடம் ஒரு மரப்பெட்டி நிறைய ஏட்டுக்கட்டுகளும் பழைய அச்சுப் புத்தகங்களும் இருந்தன. அவர் காலமாகி ஒரு வருஷம் ஆன பிறகு, வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று சாமான்களை வெளியே எடுத்து வைத்தபோது, பாட்டி அந்தப் பெட்டியில் இருந்ததைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டாள். ஏட்டுக்கு எடையும் இல்லை என்று அவர் திருப்பிக் கொடுக்க, அவை வெந்நீர் அடுப்புக்குப் போயின. அப்போது நான் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்புக்குச் சமமான படிப்பில் இருந்தேன். இலக்கியத்தில் ஆசை வந்துவிட்ட வயசு. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டி காலியானால் என் துணிமணிகளை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதில் என்ன இருந்தது என்று ஒரு கட்டைக்கூட அவிழ்த்துப் பார்க்கவில்லை. நாலு காசு கொடுக்கிற பாதிரியார்கூட எங்கள் தெருவுக்கு வரவில்லை.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் காப்பி டம்ளரை வைத்துவிட்டு வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தின் மேல் எனக்குள்ள பெரிய வழக்கு, 1713-ம் ஆண்டைப் பற்றியது. ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்களைக் கொண்டு அந்த வருஷம் தரங்கம்பாடியில் அச்சான சிறு நூல், நம்முடைய வழிபாட்டை அக்கியானம் என்று கண்டிப்பது. அதே வருஷத்தில் அதே சீகன்பால்கு, தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளி என்று ஒரு பெரிய நூலை ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். சிவன், திருமால் முதல் ஐயனார், மாரியம்மன், அங்காளம்மன் வரையில், எந்தத் தெய்வத்துக்கு என்ன கோயில், என்ன பூசை, ஜனங்கள் என்ன கதை சொல்லுகிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதியது. பகலில் கண்டனமும் இரவில் வமிசாவளியும் எழுதினாரோ என்னவோ! இரண்டும் ஒரே கைதான். இந்த முரண்பாட்டில்தான் அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார். மாலைக்காரர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில், கமா போட்டு, சாதனைகளாக அடுக்கிவிட்டார்.

அந்த வமிசாவளியை அச்சிடுவார்கள் என்று நம்பி அவர் ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அவருடைய ஆசான் பிராங்கே இருந்தார். பிராங்கே ஹாலேயில் பெரிய அநாதைப் பள்ளிகளை நிறுவியவர், கெட்டவர் அல்ல. ஆனால் அவர் சொல்லிவிட்டார்: உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை அங்கே ஒழிப்பதற்கு, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல. நூல் பரணுக்குப் போயிற்று. ஜெர்மான் என்பவர் அதைச் சென்னையில் அச்சிட்டது 1867-ம் ஆண்டில். 154 வருஷங்கள் கழித்து. 1711-ம் ஆண்டில் எழுதிய இன்னொரு நூல் 1926-ம் ஆண்டில்தான் வெளிவந்தது. கொன்றைவேந்தன் முதலிய மூன்றின் மொழிபெயர்ப்பு அச்சானது 1930-ம் ஆண்டில். எழுதியவர் இவற்றில் ஒன்றையும் புத்தகமாகப் பார்க்கவில்லை.

பத்திரிகையிலிருந்து ஒரு கதை திரும்பி வந்தாலே மூன்று நாள் சோறு இறங்காத ஜாதி நாங்கள். அந்தப் பதிலைப் படித்துவிட்டு அவர் மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடியும் ஏட்டை எடுத்தாரா என்று அறிய எனக்கு ஆசை. நண்பரின் புத்தகத்தில் அந்தப் பதிலே இல்லை. ஆசானும் மாணவரும் ஒத்த கருத்தோடு உழைத்தார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே மட்டும் பென்சில்காரர் சும்மா இருந்துவிட்டார்; 'பொய்' என்று எழுதவேண்டிய இடம் அது.

நண்பர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். அதை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை.

"அச்சுக்கூடம் கையில இருக்கு. காகிதம் பண்ணப் பொறையாறுல ஆலையே வச்சாரு. குறளு தெரியும், கொன்றைவேந்தன் தெரியும். ஒண்ணையாவது தமிழ்ல அச்சுப் போட்டாரா?"

போடவில்லை. திருக்குறள் அச்சேறியது 1812-ம் ஆண்டில். தரங்கம்பாடியில் தமிழ் அச்சு ஓடத் தொடங்கி ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து. அச்சுக்கூடம் அவர் சொந்தச் சொத்து அல்ல, அனுப்பியவர்களுடையது என்று சமாதானம் சொல்லலாம். நானும் சொன்னேன். அவ்வளவு பலமாக வரவில்லை. எந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாரோ அந்தப் பிள்ளைகளின் புத்தகத்தை ஜெர்மானியருக்குக் கொடுக்க நினைத்தவருக்கு, அந்தப் பிள்ளைகளுக்கே அச்சில் கொடுக்கத் தோன்றவில்லை.

அவருக்குத் தமிழ் கொடுத்தவர்கள் கதை இன்னும் மோசம். அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர். டேனிஷ் கம்பெனியில் வேலை பார்த்தவர். பல மொழி தெரிந்தவர். பாதிரியாருக்கு உதவிசெய்து பழகிய பின்பு தரங்கம்பாடியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். தஞ்சை ராஜ்யத்தில் பிடிபட்டுச் சிறையிலும் இருந்தார். நம் ரகசியங்களை வெள்ளைக்காரனுக்குச் சொன்னவன் என்று இந்தப் பக்கத்தாருக்கும் ஆகாது; அந்தப் பக்கத்தாருக்கும் ஆகாது. அவரைப் பற்றி நண்பரின் புத்தகத்தில் ஒரு பாரா. எழுபது வயது உபாத்தியாயருக்கு அதுவும் இல்லை. 'ஒரு வயோதிகர்' என்று வருகிறார், மணலைப் பரப்புகிறார், அடுத்த வரியில் போய்விடுகிறார். சீகன்பால்குவின் பாட்டனார் பெயர்கூட அச்சிட்டிருக்கிறார்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நண்பர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். வயோதிகர் வருகிற அந்த நாலு வரிக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு கேள்விக்குறி இருந்தது.

"இது யாரு போட்டது?"

"நான்தான் அண்ணாச்சி."

"ஏற்கெனவே ரெண்டு பேரு கிறுக்கி வச்சது பத்தாதா?" என்று கேட்டார். பிறகு அந்த வரிகளைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "உங்க தாத்தா பேரு என்ன தம்பி?"

சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன்.